பால் வெள்ளைச் சாமந்தி

அன்புள்ள ஐயா,

கடல்நீர்த் தொட்டி வைத்து இரண்டு மாதமாகிறது. போன வாரம் ஒரு கடல் சாமந்தி (sea anemone, பூப்போல விரியும் கடல் பிராணி) வாங்கினேன். பால் வெள்ளை, நுனிகளில் ஊதா, அத்தனை அழகு. ஆனால் இரவில் வதங்கிய கத்தரிக்காய்போலச் சுருங்கிவிடுகிறது. காலையில் வேறு மூலையில் இருக்கிறது. கோமாளி மீன் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. செத்துக்கொண்டிருக்கிறதா?

ர., மதுரை

அன்புள்ள ர.,

சுருங்குவதற்குப் பயப்படாதீர்கள். அதற்கு உண்ணவும் கழிக்கவும் ஒரே வாய்தான். பழைய நீரை வெளியேற்றும்போது உடல் தொங்கும், பிறகு விரியும். என்னைக் கவலைப்படுத்துவது நீங்கள் ரசித்த அந்தப் பால் வெள்ளை. இவ்வகைச் சாமந்தியின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, வெளிச்சத்தில் சமைத்து அதற்கும் பங்கு தருகின்றன. பழுப்பு நிறம் அவற்றுடையது. அவை போய்விட்டால் வெள்ளை. உங்களுடையது பட்டினி கிடக்கிறது. கடையில் தனி ரகம் என்று கூடுதல் விலை வாங்கியிருப்பார்கள். நானும் ஒருமுறை கொடுத்திருக்கிறேன்.

வாரம் இரண்டு முறை மிளகளவு பச்சை இறால் கொடுங்கள். துப்பினால் வற்புறுத்த வேண்டாம். விளக்கைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஆவியாவது தண்ணீர்தான், உப்பல்ல, குறைந்ததை ஆர்.ஓ. நீரால் நிரப்பி, தொட்டி நீரின் ஒப்படர்த்தியை (உப்பின் அளவைக் காட்டுவது) 1.025 அளவில் வையுங்கள். மதுரை வெயிலுக்குத் தினமும் பார்க்க வேண்டியிருக்கும். நிறம் திரும்ப மாதங்கள் ஆகும்.

இடம் மாறுவது வெளிச்சமோ நீரோட்டமோ ஒத்துவராததால். பிய்த்து வேறிடத்தில் வைக்காதீர்கள், பாறையைப் பற்றியிருக்கும் பாதம் கிழிந்தால் பிழைப்பது அரிது. இன்றே பம்பின் வாயை ஸ்பாஞ்சால் மூடுங்கள். என்னுடைய சாமந்தி ஓரிரவு பம்புக்குள் இழுபட்டது. விடிந்தபோது தொட்டியெல்லாம் கூழ், கூடவே இரண்டு மீன்களும் போயின. வாய் பிளந்து, பிடி விட்டு, நாற்றமும் வந்தால் யோசிக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள்.

உண்மையில் இரண்டு மாதத் தொட்டி இதற்குப் போதாது. நானாக இருந்தால் ஓராண்டு பொறுத்திருப்பேன். அவசரம் நமக்குத்தான், அதற்கில்லை. ஸ்காட்லாந்தில் ஜான் டேலியல் என்ற இயற்கை ஆய்வாளர் 1828-இல் கடற்கரையில் எடுத்த ஒரு சாமந்தி 1887 வரை ஜாடியில் வாழ்ந்தது; அவர் 1851-லேயே போய்விட்டார். அது வெளிச்சத்தை நம்பாத குளிர்கடல் இனம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கோமாளி மீனைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாமந்தி இனங்களில் சுமார் பத்தில்தான் அது குடியேறும். பண்ணையில் பொரித்த குஞ்சென்றால் சாமந்தியைக் கண்டே இருக்காது. துரத்தும் மீன் இல்லாத தொட்டியில் அதற்கு அரண் எதற்கு?

படம் அனுப்புங்கள். நீல விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள். அந்த வெளிச்சத்தில் எல்லாமே நலமாகத்தான் தெரியும்.