பரீட்சையில் பரிணாமம், மனதில் இல்லை: மண்டபம் ஊர் விரிவுரையாளருக்குப் பதில்

வணக்கம் மேடம். மாணவர்கள் பரிணாமத்தைப் பரீட்சையில் சரியாக எழுதிவிட்டு, வெளியே வந்து "அதெல்லாம் மார்க்குக்கு" என்கிறார்கள், "குரங்கு ஏன் இன்னும் குரங்காவே இருக்கு?" என்று மடக்குகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

புரிவது வேறு, ஏற்பது வேறு. மார்க்கைப் புரிதலுக்கு மட்டும் போடுங்கள். சாமியை வகுப்புக்குள் இழுக்காதீர்கள், அதில் யாரும் ஜெயித்ததில்லை. மரபியலையும் பரிணாமத்தையும் இணைத்த உயிரியலாளர் டோப்ஜான்ஸ்கியே கடவுள் நம்பிக்கை உள்ளவர்தான்.

குரங்குக் கேள்விக்கு, சித்தப்பா பிள்ளைகள் இருப்பதால் நாம் பிறக்காமல் போய்விட்டோமா என்று கேளுங்கள். நமக்கும் குரங்குக்கும் பொது மூதாதை என்பது அவ்வளவுதான்.

ஆனால் குரங்கில் ஏன் தொடங்க வேண்டும்? கடலில் தொடங்குங்கள். கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆவுளியாவும் (கடல் பசு) ஓங்கிலும் (டால்பின்) மூச்சுவிட மேலே வரும் என்று தெரியும். மீன் வாலைப் பக்கவாட்டில் அடிக்கிறது, இவை ஏன் மேலும் கீழுமாக அடிக்கின்றன? துடுப்புக்குள் ஏன் கை எலும்பும் ஐந்து விரல் எலும்புகளும்? ஓங்கிலின் உடம்புக்குள் காலே இல்லாமல் இடுப்பெலும்பு மட்டும் எதற்கு? ஆவுளியாவுக்கு யானையைப் போல முன்னங்கைக்குப் பக்கத்தில் பால்மடி. ஆவுளியாவும் யானையும் நெருங்கிய சொந்தம் என்பதை அவர்களே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

முடிந்தால் பக்கத்திலுள்ள குருசடைத் தீவுக்குக் கூட்டிப்போங்கள். மீனைப் போலச் செவுள் பிளவுகள் உள்ள புழு, பலனோகிளாசஸ், அங்கே உண்டு. தேசியப் பூங்கா என்பதால் வனத்துறை அனுமதி முதலில். கரை ஒதுங்கிய ஆவுளியா எலும்பை யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள், சட்டச் சிக்கல். படமே போதும்.