விற்றுத் தரச் சொன்ன வீட்டை முகவரே வாங்கலாமா?

கேள்வி: நான் உரிமம் பெற்ற வீட்டுமனை முகவர், முதலீடாகவும் வீடுகள் வாங்குகிறேன். ஒரு முதியவர் விற்றுத் தரும்படி என்னிடம் ஒப்படைத்த வீட்டை, அவர் கேட்கும் விலைக்கே நான் வாங்கிக்கொள்ள விரும்புகிறேன். மனைவி பெயரில் வாங்கினால் சிக்கல் வராது என்கிறார் நண்பர். இதில் தவறு உண்டா?

பதில்: நண்பரின் யோசனையை முதலில் கைவிடுங்கள். மனைவி பெயர், மைத்துனர் பெயர், நீங்கள் பங்குதாரராக இருக்கும் நிறுவனத்தின் பெயர் எல்லாமே இந்த விஷயத்தில் உங்கள் பெயர்தான். அமெரிக்க வீட்டுமனை முகவர்களின் அமைப்பான தேசிய ரியல்டர்கள் சங்கத்தின் நெறிமுறைத் தொகுப்பு, நெருங்கிய குடும்பத்தாருக்காக வாங்கினாலும் உறுப்பினர் தம் உண்மை நிலையை உரிமையாளருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 4ஆம் பிரிவில் விதிக்கிறது.

ஆனால் வாங்குபவர் நீங்கள்தான் என்று சொல்வதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. பலர் சறுக்குவது இங்கேதான். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 215ஆம் பிரிவுக்குத் தரும் உதாரணம் ஒன்றைப் பாருங்கள். நிலத்தை விற்றுத் தர ஒப்புக்கொண்ட முகவர், அதைப் பார்வையிடும்போது உரிமையாளருக்கே தெரியாத கனிமச் சுரங்கம் ஒன்று அங்கிருப்பதைக் கண்டுகொள்கிறார். தாமே வாங்க விரும்புவதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டு, சுரங்கத்தை மட்டும் மறைத்து வாங்குகிறார். உண்மை தெரியவந்ததும் அந்த விற்பனையை ஏற்பதா, தள்ளுவதா என்பது உரிமையாளரின் விருப்பம். முதியவரின் வீட்டடியில் சுரங்கம் இருக்கப்போவதில்லை. பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது, சமையலறையை மாற்றிக் கட்டினால் வாடகை எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பீர்களே, அதுதான் சுரங்கம்.

அவர் கேட்கும் விலை என்கிறீர்கள்; அந்த விலையை அவருக்குச் சொன்னவர் யார்? நீங்கள்தான் என்றால், அதைக் கொடுப்பதில் பெருந்தன்மை ஏதுமில்லை. சிகாகோ வட்டார வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் என்னும் பொருளியலாளர்கள் 2008இல் வெளியிட்ட கட்டுரையின்படி, முகவர்கள் தம் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து, ஏறத்தாழ 3.7 சதவீதம் அதிக விலை பெற்றார்கள். தமக்கென்று வரும்போது காட்டும் அந்தப் பொறுமையை முதியவருக்காகக் காட்ட வேண்டியவர் நீங்கள். வாங்குபவராகவோ அவர் அவசரப்படுவதில்தான் உங்களுக்கு லாபம்.

ஆகவே, உங்களுக்குத் தெரிந்தவற்றை எல்லாம் எழுத்தில் கொடுத்து, வேறொரு முகவரையோ மதிப்பீட்டாளரையோ கலந்துகொள்ள அவருக்குப் போதிய அவகாசமும் தாருங்கள். கமிஷன் கேட்காதீர்கள். முகவர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டு வாங்கலாமே என்று தோன்றலாம். விலகுவதால், அந்தப் பொறுப்பில் இருந்தபோது அறிந்துகொண்டவை மறைக்கத்தக்கவை ஆகிவிடா.

கேள்வி: வாடிக்கையாளர் வாங்கித் தரச் சொன்ன வீட்டை முகவர் தமக்கே வாங்கிக்கொண்டால் என்ன ஆகும்?

பதில்: அதே சட்டத்தின் 216ஆம் பிரிவு இதற்கும் உதாரணம் தருகிறது. அந்த வீடு கிடைக்காது என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு முகவர் தமக்கே வாங்கியிருந்தால், வாங்கிய அதே விலைக்குத் தமக்கு விற்கும்படி வாடிக்கையாளர் அவரைக் கட்டாயப்படுத்தலாம்.