பென்ச் பிரஸ் ஏன் 70 கிலோவிலேயே நிற்கிறது?

கேள்வி: வயது 26, எடை 73 கிலோ. இரண்டு வருஷமாக ஜிம்முக்குப் போகிறேன். ஸ்குவாட் (எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) 110, டெட்லிஃப்ட் (எடையைத் தரையிலிருந்து தூக்கி நிற்பது) 140 கிலோ. பலகையில் படுத்து எடையை மேலே தள்ளும் பென்ச் பிரஸ் மட்டும் ஐந்து மாதமாக 70-ஐத் தாண்டவில்லை. சனிக்கிழமைதோறும் 72.5 முயன்று தோற்கிறேன். மூன்று மாதத்தில், இந்த மூன்றையும் தூக்க வேண்டிய மாவட்டப் பவர்லிஃப்டிங் போட்டி. இடுப்பில் கட்டும் பெல்ட் வாங்கினால் உதவுமா?

பதில்: ஸ்குவாட்டுக்கும் டெட்லிஃப்ட்டுக்கும் பெல்ட் உதவும், வாங்குங்கள். பென்ச்சுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

முதலில் அந்தச் சனிக்கிழமைச் சோதனையை விடுங்கள். வாரா வாரம் பரீட்சை எழுதினால் பாடம் படிப்பது எப்போது? தோற்ற தூக்கு தோளையும் முழங்கையையும் களைப்பாக்கி, அடுத்த இரண்டு நாள் பயிற்சியையும் கெடுக்கும்.

அடுத்தது பிளேட் கணக்கு. ஜிம்மில் கிடைக்கும் சின்ன பிளேட் பெரும்பாலும் 1.25 கிலோ. பாரில் (எடை மாட்டும் இரும்புக் கம்பி) பக்கத்துக்கு ஒன்று போட்டால் 2.5 கிலோ ஏறும். 140 கிலோ டெட்லிஃப்ட்டில் அது இரண்டு சதவீதம்கூட இல்லை. 70 கிலோ பென்ச்சில் மூன்றரை சதவீதம். பென்ச் முதலில் முட்டிக்கொள்வதற்கு இது ஒரு காரணம். அரைக் கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டை விட முக்கியம்.

வாரம் மூன்று நாள் பென்ச். திங்கள்: 50 கிலோ, ஐந்து தடவை, ஐந்து செட் (ஓய்வில்லாமல் செய்யும் ஐந்து தடவை ஒரு செட்). புதன்: 45 கிலோ, மூன்று தடவை, ஆறு செட், வேகமாகத் தள்ள வேண்டும். வெள்ளி: 55 கிலோ, மூன்று தடவை, நான்கு செட். செட்டுக்கு நடுவே மூன்று நிமிடம் ஓய்வு. வாரம் ஒரு கிலோ கூட்டுங்கள். நான்காவது வாரம் மட்டும் கூட்டாமல் செட்டைப் பாதியாக்குங்கள். எடை குறைவாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு தடவையும் பார் நெஞ்சில் ஒரு நொடி அசையாமல் நிற்க வேண்டும். போட்டியில் பார் அசையாமல் நின்ற பிறகுதான் நடுவர் ‘பிரஸ்’ என்பார். நெஞ்சில் துள்ளவிட்டு எடுத்த 70 அங்கே 65 ஆகிவிடலாம்.

தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் இழுத்து, கீழே அழுத்திக்கொண்டு படுங்கள். பார் கீழ் நெஞ்சில் இறங்கட்டும். அப்போது முன்கை நெட்டாக நிற்க வேண்டும். தள்ளும்போது புட்டம் பலகையை விட்டு எழுந்தால் தூக்கு செல்லாது. தோளின் முன்பக்கம் வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள், பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

சாப்பாட்டில் தினம் 115 கிராம் புரதமாவது வேண்டும். நான்கு முட்டையில் 25 கிராம்தான் வரும்; மீதிக்குக் கோழி, மீன், சோயா, சுண்டல், தயிர். போட்டியின் 74 கிலோ எடைப் பிரிவில் இப்போதே பொருந்துகிறீர்கள், எடை குறைக்கிறேன் என்று பட்டினி கிடக்காதீர்கள்.

போட்டியில் முதல் முயற்சிக்கு 62.5 போதும். பிறகு 67.5, மூன்றாவதில் 70 அல்லது 72.5. ஒருமுறை கேட்ட எடையைவிட அடுத்த முயற்சியில் குறைக்க முடியாது. பென்ச்சில் மூன்று முயற்சியும் தவறினால் மூன்று தூக்கையும் கூட்டிய மொத்தக் கணக்கே போய்விடும், டெட்லிஃப்ட்டில் 140 தூக்கினாலும் சரி.