பழைய ஐ7-ஆ, புது ஐ5-ஆ?

கேள்வி: பொண்ணு பி.காம் படிக்கிறா. டேலி, எக்ஸெல், ஆன்லைன் கிளாஸ் இவ்ளோதான் வேலை. ரீஃபர்பிஷ்டு (பழசைச் சரிபண்ணி விக்கிற) கடையில இன்டெல் ஐ7 பிராசஸர், 4-வது ஜெனரேஷன் டெஸ்க்டாப் ஒண்ணு காட்டினாங்க, ரெண்டாயிரம் ரூபா கூடப் போட்டா ஐ5 8-வது ஜெனரேஷனாம். கடைக்காரர் ஐ7தான் பெருசு, விண்டோஸ் 11 போட்டே தர்றேங்கிறார். எதை எடுக்கட்டும்?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: யோசிக்கவே வேணாம்மா, அந்த ஐ5-ஐ எடுங்க. ஐ7-4770 எல்லாம் 2013-ல வந்த சரக்கு, அதுல 4 கோர்தான் (கோர்னா பிராசஸருக்குள்ள வேலை செய்யற மூளை), 8-வது ஜெனரேஷன் ஐ5-8500-ல 6 கோர். அதைவிட முக்கியம், விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் போட்டிருக்கிற லிஸ்ட்ல இன்டெல்னா பெரும்பாலும் 8-வது ஜெனரேஷன்ல இருந்துதான் ஆரம்பம், கூடவே டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு சிப் வசதியும் வேணும். 4-வதுலயும் போட்டுத் தர்றேன்னு அவர் சொல்றது பொய்யில்ல, செக்கிங்கைத் தாண்டி இன்ஸ்டால் பண்ணிடலாம், இன்னைக்கு ஓடவும் ஓடும், ஆனா வருஷா வருஷம் வர்ற பெரிய அப்டேட் தானா வராது, அப்புறம் யார் தலையில விடியும்? விண்டோஸ் 10-லயே ஓட்டிக்கலாம்னா அதுக்கும் 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சுபோச்சு.

ஸ்டிக்கரை நம்பாதீங்க, ஆன் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. செட்டிங்ஸ்ல பிராசஸர் பேர் வரும், ஐ5-க்கு அப்புறம் 8500-னு இருந்தா 8-வது, 10400-னா 10-வது. டெல் ஆப்டிபிளெக்ஸ்ல 3050, 3060-னு ரெண்டு மாடல் இருக்கும், பார்க்க ஒரே மாதிரி பெட்டி, 3050-ல 6-வது 7-வது ஜெனரேஷன்தான், 60-னு முடியறதைக் கேளுங்க. எச்பின்னா எலைட்டெஸ்க் 800 ஜி4. வின்டோஸ் கீயையும் ஆர்-ஐயும் சேர்த்து அமுக்கி டிபிஎம்.எம்எஸ்சி-னு இங்கிலீஷ்ல அடிச்சா வெர்ஷன் 2.0-னு காட்டணும். பயாஸுக்குள்ள (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற அடிப்படை செட்டிங்ஸ்) போய்ப் பாருங்க, பழைய ஆபீஸ் பாஸ்வேர்டு கேட்டுச்சுன்னா அந்தப் பெட்டியே வேணாம். ரேம் 8 ஜிபி போதும், ஆனா ஹார்ட் டிஸ்க் மட்டும் இருந்தா எஸ்எஸ்டி (சுத்தாத, வேகமான டிஸ்க்) போடச் சொல்லி அதுக்கப்புறம் காசு குடுங்க, வேகத்துல வித்தியாசம் அங்கதான் தெரியும். பில்லுல சீரியல் நம்பரும் வாரண்டியும் எழுதி வாங்கிக்கோங்க.

கேள்வி: இந்த மாதிரி ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப்ல ஒல்லியா வர்ற ஸ்லிம் பெட்டியில கிராஃபிக்ஸ் கார்டு போட்டு கேம் ஆடலாமா சார்?
— கல்லூரி மாணவர், கோவை

பதில்: பெரிய கார்டு உள்ளயே போகாது தம்பி. பவர் சப்ளையும் 200 வாட் பக்கம்தான், கடையில கிடைக்கிற சாதா சப்ளை அதுல உட்காரவும் செய்யாது. தனி பவர் வயர் கேட்காத, உயரம் கம்மியான ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி கார்டு வேணா போடலாம். கேம்தான் முக்கியம்னா இதே மாடல்ல டவர் பெட்டி தேடுங்க.