ஊட்டியில் ஆட்டுக்கால் சூப் உறையாதது ஏன்?

புட்டியில் விற்கும் 'எலும்புச் சாறு' போல உங்கள் ஆட்டுக்கால் சூப் ஆறியபின் கூழாக உறையவில்லையே, வினிகர் சேர்க்காததாலா என்று கேட்டிருந்தீர்கள்; காரணம் அதுவன்று. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், நீங்கள் திறந்த பாத்திரத்தில் இரண்டு மணி நேரம் வைத்தும் தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம், சாற்றை உறையச் செய்யும் ஜெலட்டினாகப் போதிய அளவு மாறியிருக்காது. தண்ணீரும் கூடுதலாக இருந்திருக்கலாம்.

கால்கள் மூழ்கும் அளவே தண்ணீர் ஊற்றி, குக்கரில் முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைத்து ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். ஒரு கரண்டிச் சாற்றை வடிகட்டி இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்துப் பாருங்கள் (மார்கழிக் குளிரில் சன்னலோரமே போதும் என்று தோன்றும், வேண்டாம்).

உறைந்தாலும், எலும்புச் சாறு விளம்பரம் சொல்வதுபோல் அதிலுள்ள ஜெலட்டின் நேரே மூட்டுக்குப் போய்ச் சேராது, செரிமானத்தில் உடைந்துவிடும். கால்சியத்துக்குப் பாலே மேல். வீட்டில் யூரிக் அமிலம் மிகுந்தவர் இருந்தால், மருத்துவரைக் கேட்டபின் கொடுங்கள்.