அலுவலக நேரத்தில் சபை ஊழியம் செய்யலாமா?

கேள்வி: அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். என் வேலையைச் சீக்கிரம் முடித்துவிடுவேன். மீதி நேரத்தில் ஞாயிறு பள்ளிக்குப் பாடம் தயாரிப்பேன், சபையின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஜெபக் குறிப்பு அனுப்புவேன். சும்மா வீடியோ பார்ப்பதும் உண்டு. மாதக் கடைசியில் இரவு வரை உட்கார வைப்பார்கள், அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. அதற்கும் இதற்கும் சரியாகிவிட்டது என்றிருந்தேன். ஒரு பிரசங்கத்தில் இதுவும் திருட்டுதான் என்று கேட்டதிலிருந்து மனம் உறுத்துகிறது. இத்தனை வருஷத்துக்கும் பணம் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

வீடியோ விஷயம் உங்களுக்கே தெரியும். ஞாயிறு பள்ளிப் பாடத்தைத்தான் முதலில் பேச வேண்டும். நல்ல காரியத்துக்காகப் போகிற நேரத்தை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. சம்பளத்துக்கு ஒப்புக்கொடுத்த மணி நேரம் நிறுவனத்தினுடையது. அதிலிருந்து எடுத்துச் சபைக்குக் கொடுத்தால் அது உங்கள் காணிக்கை ஆகாது. தாவீது ராஜா பலிபீடம் கட்ட இடம் கேட்டபோது, களத்தின் சொந்தக்காரனான அர்வனா தன் களத்தையும் மாடுகளையும் சும்மா தருவதாகச் சொன்னான். தாவீது அப்படி வாங்கவில்லை. செலவில்லாமல் வந்ததைக் கர்த்தருக்குப் பலியிடமாட்டேன் என்று 50 சேக்கல் வெள்ளி கொடுத்தான் (2 சாமுவேல் 24:24). பாடத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் தயாரியுங்கள். அது உங்கள் நேரம்.

எபேசியர் 6:6, கொலோசெயர் 3:22 இரண்டிலும் பவுல் "பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்" இருக்கச் சொல்கிறார். மேலாளர் வரும்போது திரையை மாற்ற விரல் போகிறதா? அந்த வசனம் பேசுவது அதைத்தான். அதே சமயம், அந்த வார்த்தைகள் அடிமைகளாக இருந்தவர்களுக்கு எழுதப்பட்டவை. அவற்றைக் காட்டி வேலைக்காரரைப் பிழிந்தெடுக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. எஜமான்கள் நீதியாய் நடக்க வேண்டும் என்று கொலோசெயர் 4:1 உடனே சொல்லிவிடுகிறது. கூலியைப் பிடித்து வைத்தவர்களை யாக்கோபு 5:4 கடுமையாகவே கண்டிக்கிறது.

ஓய்வையும் திருட்டோடு சேர்த்துவிடாதீர்கள். ஒரு மணி நேரம் எண்களைச் சரிபார்த்த பிறகு ஐந்து நிமிஷம் எழுந்து நடப்பதும், உடம்பு சரியில்லாத சக ஊழியரை விசாரிப்பதும் வேலையோடு சேர்ந்தவை. களைத்த கண்ணோடு உட்கார்ந்திருந்தால் ஒரு இலக்கம் இடம் மாறும். அதைத் தேடவே அரை நாள் போகும். சீஷர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லாதபோது, தனியே வந்து சற்று இளைப்பாறச் சொன்னவர் இயேசுதான் (மாற்கு 6:31).

உறுத்தல் மட்டும் இருந்தால் போதாது, அளவு தெரிய வேண்டும். ஒரு வாரம், ஐந்து வேலை நாள், தாளில் 15 நிமிஷக் கட்டங்கள் போடுங்கள். எட்டு மணி நேரத்துக்கு 32 கட்டம். வேலை, காத்திருப்பு, ஓய்வு, சொந்தக் காரியம் என்று நான்கே குறிகள். அவ்வப்போது குறித்துவிடுங்கள், சாயங்காலம் நினைவிலிருந்து எழுதினால் நினைவு நம் பக்கமே சாயும். அந்த வாரம் பழக்கத்தை மாற்றாதீர்கள், உண்மை நிலவரம் தெரியாமல் போய்விடும். வேறொருவர் மேசையில் கோப்பு நிற்பதால் நீங்கள் சும்மா இருப்பது உங்கள் குற்றம் இல்லை, அதனால்தான் காத்திருப்புக்குத் தனிக் குறி. சொந்தக் காரியம் தினம் ஒரு மணி நேரம் என்று வந்தால், 22 வேலை நாளில் 22 மணி நேரம். ஏறக்குறைய மூன்று நாள் சம்பளம்.

இனி போனைத் தொடவே மாட்டேன் என்று திங்கட்கிழமை பொருத்தனை பண்ணுபவர்கள் புதன்கிழமை அதை மீறி, வியாழக்கிழமை எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். போன் இழுப்பறைக்குள் இருக்கட்டும், அறிவிப்பு ஒலிகளை அணைத்து வையுங்கள், இடைவேளைகளில் மட்டும் எடுத்துப் பாருங்கள். அவசரத்துக்கு வீட்டாரிடம் அலுவலக எண்ணைக் கொடுங்கள். ஜெபக் குழுவைப் பகல் நேரத்தில் பார்த்துக்கொள்ள, அந்த நேரம் ஓய்வாக இருக்கும் ஒருவரைக் கேளுங்கள். நீங்கள் இல்லாவிட்டால் குழு நின்றுவிடும் என்ற எண்ணம்தான் பெரும்பாலும் தடையாக இருக்கிறது.

வேலை சீக்கிரம் முடிவதை மேலாளரிடம் சொல்லிவிடுங்கள். சொன்னால் மற்றவர் வேலையும் தலையில் விழும் என்ற பயம் நியாயமானதே. அதனால் வெறுங்கையோடு போக வேண்டாம். "சார், என் வேலை மூன்று மணிக்கு முடிந்துவிடுகிறது. மாதக் கடைசியில் செய்கிற வங்கிக் கணக்குச் சரிபார்ப்பை வாராவாரம் அந்த நேரத்தில் செய்யட்டுமா?" என்று கேளுங்கள். அந்த வேலை மாதம் முழுக்கப் பரவினால் கடைசி இரவுகளின் சுமையும் குறையும். வேறு வேலை இல்லை, உங்கள் விருப்பம் என்று அவரே சொன்னால், பாடம் தயாரிக்கலாமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். அவர் சம்மதித்தால் அதில் திருட்டு இல்லை.

கூடுதல் நேரத்துக்கு ஈடாக எடுத்துக்கொண்டேன் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கணக்கில் வாதியும் நீங்கள், நீதிபதியும் நீங்கள். எதிர்த்தரப்புக்கு வழக்கு நடந்ததே தெரியாது. நியமனக் கடிதத்தில் வேலை நேரம், கூடுதல் நேரம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மாதக் கடைசிகளில் தங்கிய தேதி, நேரம் இரண்டையும் எழுதி வைத்து, ஊதியமோ மாற்று விடுப்போ கேளுங்கள். நியாயமான கூலியைக் கேட்பதால் உங்கள் கிறிஸ்தவச் சாட்சி கெட்டுப்போகாது.

பணம் திருப்பிக் கொடுப்பது பற்றி. எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது லேவியராகமம் 6:5; வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தான். இரண்டிலும் எடுத்தது இன்னதென்று கணக்கு உண்டு. சிதறிப்போன நிமிஷங்களுக்கு அப்படித் தொகை போட முடியாது, பெயர் போடாமல் உறையில் பணம் அனுப்புவது யாருக்கும் உதவாது. தேவனிடம் அறிக்கையிட்டு, இன்று முதல் நேரத்தை முழுமையாகக் கொடுங்கள். வராத நாளுக்கு வருகை போட்டது, செய்யாத வேலைக்குப் படி வாங்கியது போல எண்ணிச் சொல்லக்கூடியது ஏதாவது இருந்தால் அது வேறு. தொகையைக் கணக்கிட்டு மேலாளரிடம் நேரில் சொல்லித் திருப்பிக் கொடுங்கள். நடவடிக்கை எடுக்க அவருக்கு உரிமை உண்டு. அதற்கும் தயாராகவே போங்கள். சக ஊழியர்கள் பெயரை அதில் இழுக்க வேண்டாம்.