பி.எஸ்சி. விலங்கியலுக்குப் பிறகு: தடய அறிவியலா, உயிரியலா?

மதிப்பிற்குரிய ஐயா,

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து நீங்கள் எழுதிய விவரங்களை முழுமையாகப் படித்தேன். அரசுக் கல்லூரியில் விலங்கியல் இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள் தடய அறிவியலில் முதுநிலைப் பட்டம் பெற விரும்புகிறார். பெண்பிள்ளை தினமும் பிணவறையில் நிற்க வேண்டியிருக்குமோ என்று உங்கள் துணைவியார் அஞ்சுகிறார். தனியார் நிறுவனம் ஒன்று கேட்கும் கட்டணத்தைக் கடன் வாங்கியாவது கட்டிவிடலாமா என்று நீங்கள் யோசிக்கிறீர்கள். தாயாரின் அச்சத்துக்குப் பதில் சொல்வது எளிது என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பிணக்கூறாய்வு மருத்துவர்களின் பணி. உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஸ்டான்லி மருத்துவமனையிலும் அதைச் செய்பவர்கள் எம்.பி.பி.எஸ். முடித்துச் சட்டம் சார்ந்த மருத்துவத்தில் பயின்றவர்களே. அறிவியல் பட்டதாரிக்கு அந்த வழி கிடையாது. மயிலாப்பூரில் இயங்கும் தமிழ்நாடு அரசின் தடய அறிவியல் துறை போன்ற ஆய்வகத்துக்கு வந்து சேர்வது முத்திரையிட்ட பொட்டலங்கள்தாம். ஆயினும், மாவட்டங்களில் உள்ள நடமாடும் தடய அறிவியல் பிரிவில் பணியமர்த்தப்பட்டால் நிகழ்விடத்துக்குப் போக வேண்டும், அங்கே சடலத்தைக் காணவும் நேரும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதை வீட்டில் இப்போதே பேசிக்கொள்வது நல்லது.

உயிரியல் பிரிவின் வேலை பலரும் நினைப்பதைவிட நிதானமானது. பொட்டலத்தின் மேலுள்ள முத்திரை, காவல் நிலையம் அனுப்பிய மாதிரி முத்திரையோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதிய பிறகே உள்ளிருக்கும் துணி வெளியே எடுக்கப்படும். கறையிலிருந்து சிறிதளவு எடுத்து, பீனால்ப்தலீன் கரைசலையும் அதன்பின் ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஒவ்வொரு சொட்டு விட்டால், இரத்தமாயின் சில நொடிகளில் இளஞ்சிவப்பாக மாறும். ஆனால் சில காய்கறிச் சாறுகளும் அதே நிறத்தைத் தரக்கூடும் என்பதால், இது இரத்தமாக இருக்கலாம் என்று மட்டுமே அந்த நிலையில் எழுத முடியும். மனித இரத்தமா, விலங்கின் இரத்தமா என்பதற்கு வேறு சோதனையும், யாருடையது என்பதற்கு டி.என்.ஏ. பகுப்பாய்வும் தேவைப்படும். எண்ணூர்க் கழிமுகத்தில் ஒரு சடலம் ஒதுங்கினால், அவர் உயிரோடு நீரில் விழுந்தாரா, இறந்த பின் போடப்பட்டாரா என்ற கேள்விக்கு உதவுவது டயாட்டம் என்னும் நுண்பாசி. மூழ்கும்போது உள்ளே போகும் நீரோடு அது நுரையீரலைக் கடந்து எலும்பு மச்சை வரை சென்று சேரும். அதன் சிலிக்கா ஓடு அமிலத்திலும் கரையாது. எனவே மச்சையை அமிலத்தில் கரைத்து, எஞ்சிய ஓடுகளை நுண்ணோக்கியில் பார்த்து, அதே இடத்து நீரின் மாதிரியோடு ஒப்பிடுகிறார்கள். இவ்வளவுக்கும் அடிப்படை உங்கள் மகள் ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் உயிரியல்தான் என்பதைக் கவனியுங்கள். விஷம், சாராயம் போன்றவற்றை ஆராயும் பிரிவுகளோ பெரும்பாலும் வேதியியல் படித்தவர்களுக்கு உரியவை.

இத்துறை நம் ஊருக்குப் புதிதன்று. குற்ற வழக்குகளில் விஷத்தைக் கண்டறிவதற்கான இந்தியாவின் முதல் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-இல் சென்னை மாகாணத்தில்தான் தொடங்கப்பட்டது. புதிதாக வந்திருப்பது சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 176(3) பிரிவு, 7 ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்குச் சென்று தடயங்களைச் சேகரிக்க வேண்டும் என்கிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டு வரை அவகாசமும் தந்திருக்கிறது. ஆகவே ஆட்கள் தேவைப்படுவார்கள் என்று தனியார் நிறுவனத்தார் உங்களிடம் சொன்னதில் பொய்யில்லை. அந்தத் தேவை எப்போது, எத்தனை பணியிடங்களாக அறிவிக்கப்படும் என்பதை அவர்களால் சொல்ல முடியாது. அதைச் சொல்வது போன்ற தோரணையில் விளம்பரம் செய்வதுதான் எனக்குப் பிடிக்காதது.

இனி உங்கள் முடிவுக்கு நேரடியாகத் தொடர்புடைய செய்திக்கு வருகிறேன். தடய அறிவியல் என்று பெயர் பொறித்த பட்டம் இருந்தால்தான் தடய அறிவியல் ஆய்வகத்தில் சேர முடியும் என்பது தவறான எண்ணம். தமிழ்நாட்டில் இப்பணிகளுக்கான தேர்வை டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது, இளநிலை அறிவியல் அலுவலர் போன்ற பணிகளுக்குரிய கல்வித் தகுதி பிரிவுக்குப் பிரிவு வேறுபடும். மறுபக்கம், பள்ளியில் முதுகலை ஆசிரியராகவோ கல்லூரியில் விலங்கியல் உதவிப் பேராசிரியராகவோ பிற்காலத்தில் ஆக விரும்பினால், முதுநிலைப் பட்டத்தின் பெயர் விலங்கியலாக இருக்க வேண்டும், அல்லது அதற்கு இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும். இந்த இணைத்தன்மைச் சிக்கலில் மாட்டிக்கொண்டு, தேர்வில் மதிப்பெண் பெற்றும் சான்றிதழ் சரிபார்ப்பில் திரும்பியவர்கள் உண்டு. படிக்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

எனவே என் பரிந்துரையில் முதலிடம் பெறுவது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் உள்ள விலங்கியல், உயிர்வேதியியல், உயிரித்தொழில்நுட்பத் துறைகளும், தரமணி வளாகத்திலுள்ள அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலை நிறுவனமும்தான். மரபியல் தரமணியில் தனித் துறையாகவே இருக்கிறது; டி.என்.ஏ. ஆய்வகத்தை மனத்தில் வைத்திருக்கும் மாணவிக்கு அதைவிடப் பொருத்தமான அடித்தளம் பக்கத்தில் வேறில்லை என்பது என் கருத்து. சென்னை மாநிலக் கல்லூரியில் (பிரசிடென்சி) முதுநிலை விலங்கியலுக்கும் தவறாமல் விண்ணப்பிக்கட்டும். போக்குவரத்தும் இப்போது பெரிய தடையன்று; வண்ணாரப்பேட்டையில் ஏறினால் மெட்ரோவில் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம்.

இரண்டாவது வழி, தடய அறிவியலையே நல்ல இடத்தில் படிப்பது. காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் ஹைதராபாத் உஸ்மானியாவிலும் இப்படிப்பு இருக்கிறது. மத்தியப் பிரதேசத்துச் சாகர் பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட்-பி.ஜி. என்னும் முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்க மகளும் நீங்களும் ஆயத்தமாக இருந்தால் மட்டும் இந்த வழியைப் பாருங்கள். உதவிப் பேராசிரியர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வாகிய யு.ஜி.சி. நெட் தேர்வில் தடய அறிவியல் தனிப் பாடமாகவே இருப்பதால், இப்படிப்பை முடித்தவர்களுக்கு ஆராய்ச்சியும் ஆசிரியப் பணியும் அடைபட்டுவிடுவதில்லை. உயிரியல் படித்தவர்களுக்கு அதே போன்ற சி.எஸ்.ஐ.ஆர். நெட் இருக்கிறது, இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.37,000.

தனியார் நிறுவனத்தைப் பற்றி: கட்டணம் கட்டுமுன் மகளை அழைத்துக்கொண்டு ஒரு வேலைநாளில் அங்கே போய் ஆய்வகத்தைப் பாருங்கள். டி.என்.ஏ.வைப் பல படிகளாகப் பெருக்கும் பி.சி.ஆர். கருவி மேசைமேல் இருந்தால் போதாது. போன பருவத்தில் மாணவர்கள் அதைத் தங்கள் கையால் இயக்கிய செய்முறைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். அரசுத் தடய ஆய்வகத்தில் உள்ளகப் பயிற்சி உண்டு என்றால் அதற்கான கடிதத்தைக் கேளுங்கள். முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே பணிபுரிகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதிலாகக் கையேட்டில் அச்சிட்ட நிறுவன முத்திரைகளைக் காட்டினால், கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடாதீர்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் சில ஆயிரங்களில் முடியும் படிப்புக்கு லட்சங்களில் கடன் வாங்கி, மகளின் முதல் சம்பளத்திலிருந்தே தவணை கட்டும் நிலையை நான் ஏற்கவில்லை. தமிழ்நாடு அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் மாணவிகளுக்குத் தரப்படும் மாதம் 1,000 ரூபாய் இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிடும் என்பதையும் வீட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மகளிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். தடய அறிவியல் அலுவலர் தாம் எழுதிய அறிக்கைக்காக, சில ஆண்டுகள் கழித்தும் நீதிமன்றக் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டிவரும். அப்போது அவருக்குத் துணை அன்றைக்கு அவர் எழுதி வைத்த குறிப்புதான். செய்முறை ஏட்டைத் தேதியிட்டு, அடித்தல் திருத்தலுக்குச் சுருக்கொப்பமிட்டு எழுதும் பொறுமை அவருக்கு இருந்தால் இந்தத் துறை பொருந்தும். ஆர்வம் முழுவதும் தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்ததென்றால் சற்றுப் பொறுத்து முடிவெடுக்கட்டும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்றுண்டு. டி.என்.பி.எஸ்.சி. இணையதளத்தில் தடய அறிவியல் துறைப் பணிகளுக்கான பழைய அறிவிக்கையை எடுத்து, கல்வித் தகுதிப் பட்டியலில் உயிரியல் பிரிவுக்கு எந்தெந்தப் பட்டங்கள் குறிப்பிடப்பட்டுள்ளன என்று மகளை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தத் தாளையும் மதிப்பெண் பட்டியல்களையும் எடுத்துக்கொண்டு இருவரும் வந்தால், எந்தெந்தப் படிப்புகளுக்கு விண்ணப்பிப்பது என்பதை வரிசைப்படுத்திவிடலாம்.